சில்வெஸ்டர்: கிளப் பிரபலம் பாடகரானாரா, பாடகர்தான் கிளப்புக்குப் போனாரா?

#1 ஊசித்தட்டு

வணக்கம் நண்பர்களே. போன வாரம் டிஸ்கோ இழையில் ஒருவர் போகிற போக்கில் எழுதிய வரி மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் காலத்து நைட் கிளப்களில் ஜிகினா உடையோடு சுற்றியவர்களில் துணிச்சல்காரர்கள் மைக்கைப் பிடித்தார்கள், டிஸ்கோ பாட்டு என்பது அவ்வளவுதான் என்று எழுதியிருந்தார். அங்கேயே பதில் சொன்னால் பேச்சு திசைமாறும் என்பதால் இந்தத் தனி இழை.

நான் பேச வந்தது சில்வெஸ்டரைப் பற்றி. முழுப்பெயர் சில்வெஸ்டர் ஜேம்ஸ். 1947இல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் பிறந்த கறுப்பினப் பாடகர். 1970இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து காக்கெட்ஸ் என்ற கூத்துக் குழுவில் சேர்ந்தார். நார்த் பீச் பகுதியில் இருந்த பேலஸ் தியேட்டரில் அவர்கள் நள்ளிரவுக் காட்சிகள் நடத்துவார்கள். தாடியில் ஜிகினாத்தூள், பழைய துணிக்கடையில் பொறுக்கிய கவுன்கள், ஒத்திகை என்று பெரிதாக எதுவும் கிடையாது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் சில்வெஸ்டர் மட்டும் பியானோ துணையோடு தனியாக நின்று பழைய ப்ளூஸ் பாட்டுகளைப் பாடுவார்.

1971 நவம்பரில் குழு நியூயார்க்கின் ஆண்டர்சன் தியேட்டருக்குப் போனது. ஊரின் பெரிய மனிதர்களெல்லாம் பார்க்க வந்தார்கள். காட்சி படுதோல்வி. சில்வெஸ்டர் பாடிய பகுதி மட்டும் தப்பியது. சில நாட்களில் அவர் மேடையிலேயே பார்வையாளர்களிடம் குழுவின் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டு விலகிவிட்டார். ஏழு வருடம் கழித்து, 1978இல், அவருடைய 'மைட்டி ரியல்' பாட்டு அமெரிக்க நடனப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிரிட்டனில் எட்டாம் இடம்.

எல்லோரும் அவருடைய இறகுகளையும் சீக்வின் அங்கிகளையும் பற்றித்தான் பேசுகிறார்கள். என் கருத்தில் அவர் முதலில் பாடகர். கிளப்பும் உடையும் பிறகு வந்தவை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 கடற்கரை கேசட்

அந்த வரியை எழுதியவன் நான்தான் ஊசித்தட்டு. அவமதிக்க எழுதவில்லை. ஆனால் கருத்தை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

டிவைனை எடுத்துக்கொள்ளுங்கள். பால்டிமோரிலிருந்து வந்த நடிகர், பெண்வேடத்துக்குப் பேர்போனவர். 1980களில் நடன இசைத் தட்டுகள் வெளியிட்டார். குரல் என்று பார்த்தால் கரகரப்பான அதட்டல், சுருதி என்ற பேச்சே இல்லை. ஆனாலும் 1984இல் 'யூ திங்க் யூ ஆர் எ மேன்' பிரிட்டனில் பதினாறாம் இடம் வரை போனது. ஆளைப் பார்க்கத்தான் மக்கள் கிளப்புக்கு வந்தார்கள், பாட்டு அந்த ஆளோடு சேர்ந்து வந்தது. பெண்வேடக் கலைஞர் ரூபாலும் அட்லாண்டா, நியூயார்க் கிளப்களில் பல வருடம் பெயர் எடுத்துவிட்டுத்தான் 1992இல் பெரிய வெற்றித் தட்டு வெளியிட்டார். நடன இசையில் இது நடக்கிற காரியம்தான். அந்த மேளத்தைத் தாங்கி நிற்க ஒரு ஆளுமை போதும். குரல் இருந்தால் லாபம்.

#3 சபைத்தெரு

கேசட் அண்ணா, டிவைனுக்கு அது பொருந்தும். சில்வெஸ்டருக்குப் பொருந்தாது.

நான் பெந்தகோஸ்தே குடும்பத்தில் வளர்ந்தவள். அப்பா சபையில் தபேலா வாசிப்பார், நான் முன்வரிசையில் கையடித்துப் பாடுவேன். 'மைட்டி ரியல்' பாட்டை முதல்முறை கேட்டபோது அவர் யார், எப்படி உடுத்துவார் எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டு எந்த இடத்திலிருந்து வருகிறது என்று உடனே தெரிந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏற்றுவார். பின்னால் இருக்கும் பெண்கள் அதை வாங்கித் திருப்பிக் கொடுப்பார்கள். ஆராதனையில் ஆவி இறங்கும் நேரத்தில் பாட்டு இப்படித்தான் போகும். அங்கே வரிகளுக்கு வேலை முடிந்துவிடும், மூச்சுதான் பாடும்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். சிறுவயதில் அவர் பாடியது பாம் லேன் சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட் சபையில். அது கறுப்பின மக்களின் பெந்தகோஸ்தே சபை. 1906இல் லாஸ் ஏஞ்சலஸின் அசூசா தெருவில் தொடங்கிய எழுப்புதலைப் பற்றி நம்மூர் பெந்தகோஸ்தே குடும்பங்களில் கேள்விப்படாதவர்கள் குறைவு. சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட் சபைப்பிரிவை நிறுவிய சார்லஸ் மேசன் 1907இல் அசூசா தெருவுக்குப் போய் வந்த பிறகுதான் அது பெந்தகோஸ்தே வழிக்கு மாறியது. அதனால்தான் எனக்கு அந்தக் குரல் அந்நியமாகப்படவில்லை.

அந்தச் சபையில் இருந்தவர்களுக்குச் சிறுவனுடைய நடை, உடை, பேச்சு எதுவும் பிடிக்கவில்லை. பதின்மூன்று வயதுவாக்கில் அவர் சபையை விட்டுப் போய்விட்டார். பாட்டு பிடித்திருந்தது, பாடின பிள்ளையைப் பிடிக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

#4 மிக்ஸர் மேசை

ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன் என்பதால் அந்தப் பாட்டு உருவான விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். சபைத்தெரு அக்கா சொன்னதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

பாட்டை எழுதியவர்கள் சில்வெஸ்டரும் கிடார் கலைஞர் ஜேம்ஸ் 'டிப்' விரிக்கும். முதலில் அது நடுத்தர வேகத்தில், தேவாலயப் பாட்டின் சாயலில்தான் இருந்தது. ஒத்திகையில் அதைக் கேட்டவர் பேட்ரிக் கௌலி. சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜில் மின்னணு இசை படித்தவர், தி சிட்டி என்ற டிஸ்கோவில் விளக்கு இயக்கிக்கொண்டிருந்தவர். இதில் நான் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியைச் சேர்க்கட்டுமா என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் பாட்டின் தலையெழுத்து மாறியது.

அவர் செய்த வேலை இதுதான். ஒவ்வொரு அடிக்கும் டிரம்மின் உதை. அதன் மேல் சின்தசைசரின் பேஸ், அதாவது கனத்த கீழ் ஒலி, மேல் ஸ்தாயிக்கும் கீழ் ஸ்தாயிக்கும் தாவிக்கொண்டே துடிக்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 அடி வேகம். கடிகாரம் போல, இம்மியும் பிசகாது. இப்போது குரலை மட்டும் தனியாகக் கவனியுங்கள். சில்வெஸ்டர் அந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்படுவதே இல்லை. அடிக்குக் கொஞ்சம் பின்னால் தங்குவார், திடீரென்று முந்துவார், ஒரு சொல்லை இழுத்து மூன்று அடி தள்ளி இறக்குவார். நம் மொழியில் சொன்னால் தாளம் கறாராக நிற்கிறது, பாட்டு, கச்சேரியில் ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவல் மாதிரி, அதன் மேல் உலாவுகிறது.

இயந்திரம் அசையாமல் நின்றால்தான் மனிதக் குரலின் அசைவு தெரியும். ஆளுமை மட்டும் இருக்கிற ஒருவரை அந்த மேளத்தின் மேல் நிறுத்தினால் அவர் அடிக்கு அடி ஒட்டிக்கொண்டுதான் பாட முடியும். டிவைன் அப்படித்தான் பாடினார், அது அந்தப் பாட்டுக்குச் சரியாகவும் இருந்தது. சில்வெஸ்டர் செய்ததைப் பயிற்சி இல்லாமல் செய்ய முடியாது.

இன்னொன்று, 12 அங்குலத் தட்டு. சின்னத் தட்டில் நீளமான பாட்டை அடைத்தால் ஊசி ஓடும் பள்ளங்கள் நெருங்கும், சத்தம் குறையும், பேஸ் மெலியும். பெரிய தட்டில் பள்ளங்களை அகலமாக வெட்டலாம். கிளப் ஸ்பீக்கரில் அதன் வேறுபாடு நெஞ்சுக்கூட்டில் தெரியும். டிஜே ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குக் கலக்க முன்னும் பின்னும் வெறும் தாளமும் வேண்டும். சில்வெஸ்டருக்கு ஆறு நிமிடம் கிடைத்தது அதனால்தான். மூன்று நிமிடத்தில் ஆவி இறங்காது!

#5 பந்துவராளி

மிக்ஸர் சார், நிரவல் ஒப்பீடு அழகு. எனக்கு ஒரு சந்தேகம். நான் பாட்டு கற்றுக்கொண்ட காலத்தில் மேல் ஸ்தாயியில் குரல் மெலிந்தால் டீச்சர் "கள்ளக்குரலில் பாடாதே" என்று அதட்டுவார். சில்வெஸ்டர் பாடுவது முழுக்க அந்தக் குரல்தானே? அதை எப்படித் தேர்ச்சி என்கிறீர்கள்?

#6 மிக்ஸர் மேசை

நல்ல கேள்வி. குரல்நாண்கள் முழுக்க ஒட்டாமல் ஓரம் மட்டும் அதிரும்போது வருவது அந்தக் குரல். இயல்பிலேயே மெல்லியது, காற்று கசியும். பெரும்பாலானவர்கள் அதில் சத்தமாகப் பாடினால் உடைந்துவிடும். சில்வெஸ்டர் அதே குரலில் நிமிடக்கணக்கில், ஒரு முழு இசைக்குழுவுக்கு மேலே, உடையாமல் பாடுகிறார். தேவாலய இசையில் அதற்கென்று ஒரு பரம்பரையே உண்டு. ஸ்வான் சில்வர்டோன்ஸ் குழுவின் கிளாட் ஜீட்டரைக் கேட்டுப் பாருங்கள். கறுப்பின சபைகளில் ஆண் இப்படி உச்சத்தில் பாடுவது பலவீனம் இல்லை, பரவசத்தின் அடையாளம். நாம் கள்ளக்குரல் என்று பெயர் வைத்ததால் அது கள்ளமாகிவிடாது.

1979 மார்ச் 11 அன்று சான் பிரான்சிஸ்கோவின் வார் மெமோரியல் ஆபரா ஹவுஸில் அவர் பாடிய கச்சேரி 'லிவிங் ப்ரூஃப்' என்ற ஆல்பமாக வந்தது. அதில் மெதுவான பாட்டுகளும் உண்டு. மேளத்தின் மறைப்பு இல்லாமல் அந்தக் குரல் எப்படி நிற்கிறது என்று அதில் கேட்கலாம். அன்றைக்கு நகரின் சாவியை அவருக்குக் கொடுத்தார்கள். மேயர் டயான் ஃபைன்ஸ்டைன் அந்த நாளை சில்வெஸ்டர் நாள் என்று அறிவித்தார்.

#7 நிலாமுற்றம்

இடையில் ஒரு கேள்வி. அவர் ஆணாக வாழ்ந்தவரா, திருநங்கையா, நம் நாடக மேடையில் பெண்வேடம் போடும் ஸ்திரீபார்ட் நடிகர்கள் போலவா? எப்படிக் குறிப்பிடுவது என்று தெரியவில்லை.

#8 ஊசித்தட்டு

ஸ்திரீபார்ட் நடிகர் வேடம் கலைத்ததும் வேறு ஆள். சில்வெஸ்டருக்குக் கலைக்க வேடம் இல்லை. மளிகை வாங்கப் போகும்போதும் அதே வளையல், அதே அங்கி, சில நாள் தாடியோடு, சில நாள் ஆணுடையில். தொகுப்பாளர் ஜோன் ரிவர்ஸ் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரைப் பெண்வேடக் கலைஞர் என்று சொன்னபோது உடனே மறுத்து, நான் சில்வெஸ்டர் என்றார். தன்பாலீர்ப்பாளர் என்பதை 1970களிலேயே மறைக்காதவர். நமக்கு ஒரு வசதி இருக்கிறது, தமிழில் 'அவர்' என்று எழுதினால் போதும்.

#9 கடற்கரை கேசட்

குரல் விஷயத்தில் நீங்கள் மூவரும் சொன்னதை ஏற்கிறேன். இரவு 'லிவிங் ப்ரூஃப்' முழுவதும் கேட்டேன். டிவைனோடு சேர்த்துப் பேசியது தவறுதான்.

ஆனால் ஊசித்தட்டு சொல்கிற "முதலில் பாடகர், மற்றதெல்லாம் பிறகு" என்பதும் எனக்கு இடிக்கிறது. 1973லேயே ப்ளூ தம்ப் நிறுவனம் அவருடைய இரண்டு ஆல்பங்களை வெளியிட்டது. ஹாட் பேண்ட் என்று ராக் இசைக்குழு, கூடவே இதே குரல், இதே ஆள், இதே உடை. யாரும் வாங்கவில்லை. குரல்தான் காரணம் என்றால் அப்போதே ஜெயித்திருக்க வேண்டாமா? 1970களின் அமெரிக்க தேவாலயங்களில் இப்படிப் பாடக்கூடியவர்கள் இன்னும் பலர் இருந்திருப்பார்கள். அவர்களில் இவர் மட்டும் ஏன்?

#10 ஊசித்தட்டு

இதற்குப் பதில் எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

1973க்கும் 1978க்கும் நடுவில் மாறியது அவர் பாடிய அறை என்று நினைக்கிறேன். ராக் கச்சேரியில் எல்லோரும் மேடையைப் பார்த்து நிற்பார்கள். அங்கே அவர் ஒரு வேடிக்கைப் பொருள். ஹாட் பேண்ட் கலைந்த பிறகு அவர் வாராவாரம் பாடப் போன இடங்களில் ஒன்று எலிஃபன்ட் வாக் என்ற மதுக்கூடம். காஸ்ட்ரோ தெருவும் பதினெட்டாம் தெருவும் சந்திக்கும் முனை. தன்பாலீர்ப்பாளர் உரிமைத் தலைவர் ஹார்வி மில்க் கேமரா கடை வைத்திருந்த அதே பகுதி. நாட்டின் பல மூலைகளிலிருந்து வீட்டை விட்டு வந்து குடியேறிய இளைஞர்கள் கூடும் இடம். அவர்களுக்கு இவர் வேடிக்கைப் பொருள் இல்லை. சபையிலிருந்து வெளியேறியவர் இவர், ஊரிலிருந்து வெளியேறியவர்கள் அவர்கள். நடனத் தளத்தில் யாரும் மேடையைப் பார்ப்பதில்லை, ஒருவரை ஒருவர் பார்த்து ஆடுகிறார்கள். குரல் மேலிருந்து வருகிறது. சபைத்தெரு சொன்ன ஆராதனையும் அப்படித்தானே?

இப்படிப் பாடிக்கொண்டிருந்த காலத்தில்தான் மோட்டவுன் இசை நிறுவனத்தின் முன்னாள் தயாரிப்பாளர் ஹார்வி ஃபுக்வாவின் கண்ணில் பட்டு 1977இல் ஃபேண்டஸி இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனார். அதனால் என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். குரல் சபையில் வளர்ந்தது. அந்தக் குரலையும் அந்த உடையையும் ஒரே ஆளிடம் பார்த்து முகம் சுளிக்காத முதல் கூட்டத்தை அவருக்குக் கொடுத்தது கிளப். கேசட், நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் இதை நான் யோசித்திருக்க மாட்டேன்.

#11 சபைத்தெரு

பின்பாட்டுப் பாடிய இரண்டு பெண்களை இன்னும் யாரும் பேசவில்லையே. மார்த்தா வாஷ், ஐசோரா ரோட்ஸ். இருவரும் சபையில் பாடி வளர்ந்தவர்கள், இருவரும் பெரிய உடம்புக்காரர்கள். மார்த்தாவைப் பாடவைத்துப் பார்த்ததும், உன்னைப் போலவே பெரிதாக, உன்னைப் போலவே பாடக்கூடிய இன்னொருத்தி இருக்கிறாளா என்று சில்வெஸ்டர் கேட்டார், அவர் ஐசோராவை அழைத்து வந்தார். மேடையில் அவர்களைப் பின்னால் ஒளிக்காமல் தனக்குச் சமமாக நிறுத்தினார். பிறகு அவர்களே வெதர் கேர்ள்ஸ் என்ற பெயரில் புகழ்பெற்றார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1990இல் அதே மார்த்தாவுக்கு நடந்ததைப் பாருங்கள். பிளாக் பாக்ஸ், சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி ஆகிய குழுக்களின் பெரிய வெற்றிப் பாட்டுகளில் பாடியது அவர். வீடியோவில் வாயசைத்தது ஒல்லியான வேறு பெண்கள். அட்டையில் அவர் பெயர்கூட இல்லை. வழக்குப் போட்டுத்தான் தன் குரலுக்குப் பெயரும் பணமும் வாங்கினார். தட்டுகளில் பாடியவர் பெயரைப் போட வேண்டும் என்ற வழக்கம் வலுப்பட அந்த வழக்குகள் முக்கியமான காரணம்.

ஆளுமை ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்று இரண்டாகப் பிரித்து விற்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசியுங்கள். சில்வெஸ்டரின் மேடையில் அந்தப் பிரிவினையே கிடையாது. பாடினவரைத்தான் பார்த்தார்கள்.

#12 பந்துவராளி

அக்கா சொன்னது நெஞ்சைத் தொட்டது. கிரேஸ் ஜோன்ஸ் இந்த வரிசையில் வருவாரா? அவரும் மாடல், நியூயார்க் கிளப்களின் ராணி, பிறகு பாடகி.

#13 மிக்ஸர் மேசை

வருவார், ஆனால் எதிர்த்திசையிலிருந்து. அவருடைய முதல் மூன்று ஆல்பங்களும் டாம் மோல்டன் தயாரித்த டிஸ்கோ. அதில் குரல் இன்னும் தன் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும். 1980, 81இல் பஹாமாஸில் ஸ்லை அண்ட் ராபி என்ற ஜமைக்கா இசை இரட்டையரின் தாளத்தோடு பதிவு செய்தபோதுதான் பேச்சும் பாட்டும் கலந்த அந்தத் தாழ்ந்த குரல் வந்து உட்கார்ந்தது. பாடப் பாடப் பாடகி ஆனவர். கேசட் சொன்ன பாதைக்கு நல்ல உதாரணம் அவர்தான். அவரைப் பற்றித் தனி இழையே போடலாம்.

#14 கடற்கரை கேசட்

போடுகிறேன்.

சில்வெஸ்டரின் பிற்கால வாழ்க்கையை யாராவது எழுதுங்களேன். 1979 ஜூலை 12 சிகாகோ மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்த கூத்துக்குப் பிறகு இவர்கள் எல்லோரும் காணாமல் போனார்கள் என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன்.

#15 ஊசித்தட்டு

காணாமல் போகவில்லை. பெரிய நிறுவனங்கள் டிஸ்கோ என்ற சொல்லையே கைவிட்டன, கிளப்கள் கைவிடவில்லை. ஃபேண்டஸியில் தன்னைச் சாதாரணப் பாடகர்போல மாற்றப் பார்த்தது சில்வெஸ்டருக்குப் பிடிக்கவில்லை, வெளியே வந்தார். கௌலி 1981இல் பங்குதாரரோடு தொடங்கிய மெகாடோன் என்ற சின்ன நிறுவனத்தில் இருவரும் சேர்ந்து 1982இல் 'டூ யா வான்னா ஃபங்க்' வெளியிட்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 12 அன்று கௌலி எய்ட்ஸால் இறந்தார். அந்த நோய்க்கு அந்தப் பெயர் வைத்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வயது 32.

1985இல் புகழ்பெற்ற சோல் பாடகி அரீதா ஃப்ராங்க்ளினின் ஆல்பத்தில் சில்வெஸ்டர் பின்பாட்டுப் பாடினார். சின்ன வயதிலிருந்து ஆராதித்த குரலுக்குப் பின்னால் நின்று பாடியது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த ஆண்டு 'சம்ஒன் லைக் யூ' மறுபடியும் நடனப் பட்டியலில் முதலிடம்.

1987இல் அவருடைய துணைவர் எய்ட்ஸால் இறந்தார். சில்வெஸ்டருக்கும் அதே நோய். 1988 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவின் தன்பாலீர்ப்பாளர் பேரணியில் எய்ட்ஸ் நோயாளிகள் வரிசையில் சக்கர நாற்காலியில் வந்தார். அத்தனை வருடம் உடையால் கண்களை இழுத்தவர், மெலிந்த உடம்போடு அதே தெருவில் எல்லோரும் பார்க்க வந்தார். கறுப்பின மக்களிடையே இந்த நோயைப் பற்றிப் பேச வேண்டும் என்று நேர்காணல்களில் வெளிப்படையாகச் சொன்னார். டிசம்பர் 16 அன்று, 41 வயதில், போய்விட்டார். தன் பாடல் வருமானத்தை எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் இரண்டு அமைப்புகளுக்கு எழுதிவைத்தார். அதில் ஒன்று ப்ராஜெக்ட் ஓப்பன் ஹாண்ட், நோயாளிகளின் வீட்டுக்கே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் அமைப்பு. 2019இல் 'மைட்டி ரியல்' பாட்டை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கவேண்டிய ஒலிப்பதிவுகளில் சேர்த்தது.

#16 சபைத்தெரு

இறுதிச் சடங்கை அவரே திட்டமிட்டு வைத்திருந்தார் என்று படித்தேன். நடந்தது ஓக்லண்டில், வால்டர் ஹாக்கின்ஸ் போதகராக இருந்த லவ் சென்டர் சபையில். கடைசி வருடங்களில் அவர் அந்தச் சபைக்குப் போய்க்கொண்டிருந்தார். சிவப்பு கிமோனோ உடுத்தி, முகத்துக்கு ஒப்பனை செய்து, பெட்டி திறந்தபடி. பாடகர் குழு பாடியது. பதின்மூன்று வயதில் வெளியே போன பிள்ளை, தன் உடையோடு உள்ளே வந்தது.

#17 நிலாமுற்றம்

அந்த 1988 அக்டோபரில் காஸ்ட்ரோ தெருத் திருவிழாவை அவருக்கே அர்ப்பணித்தார்களாம். அவரால் படுக்கையை விட்டு எழுந்து போக முடியவில்லை. கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது படுக்கையறை வரை கேட்டதாம். நேற்று இரவு இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டு, ஹெட்ஃபோனில் 'மைட்டி ரியல்' போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நடந்தேன். மிக்ஸர் சார் சொன்னபடி குரலை மட்டும் பின்தொடர்ந்தேன். நாலாவது நிமிடத்தில் எப்போது ஆட ஆரம்பித்தேன் என்றே தெரியவில்லை.